7 வயதுப் பையன் கண்ணை இறுக்கிச் சிமிட்டுகிறான், தொண்டையைச் செருமுகிறான்: டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

கேள்வி: மகனுக்கு 7 வயது. ஒரு மாதமாகக் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டுகிறான். பத்து நாளாகத் தொண்டையையும் செருமுகிறான். கண் டாக்டர் பார்வையில் குறையில்லை என்றார். இது டிக் என்கிறார்கள். காத்திருக்கலாமா, உடனே காட்ட வேண்டுமா?

பதில்:

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் டிக் (தன்னை மீறித் திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது சத்தம்) மாதிரிதான் தெரிகிறது. அப்படியென்றால் இன்று இரவே ஓட வேண்டியதில்லை. ஆனால் 'தானாகப் போய்விடும்' என்று விடுவதற்கு முன், இது டிக்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை தடவை சிமிட்டுகிறான் என்று எண்ணுவதால் பெரிய பயன் இல்லை. அசைவு எந்த மாதிரி, அது அவனை என்ன பாடு படுத்துகிறது, இந்த இரண்டும்தான் முக்கியம்.

டிக் பெரும்பாலும் 4 முதல் 7 வயதுக்குள் தொடங்கும். முதலில் கண், முகம். பிறகு கழுத்து, தோள். செருமல், மூக்குறிஞ்சல் போன்ற சத்தங்கள் கொஞ்சம் தாமதமாகச் சேரும். வெட்டென்று வரும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும், சட்டென முடியும். 'எப்படிச் செய்கிறாய், காட்டு' என்றால் பிள்ளையே செய்து காட்டும். கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். தூக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. பரபரப்பிலும் களைப்பிலும் கூடும். படம் வரைவது போல மனம் ஒன்றும் வேலையில் குறையும். சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும், ஒன்று போய் வேறொன்று வரும். இந்த ஏற்ற இறக்கத்தால்தான் கண் சொட்டு மருந்துக்கும் இருமல் சிரப்புக்கும் பூச்சி மாத்திரைக்கும் நல்ல பெயர் கிடைக்கிறது. டிக் உச்சத்தில் இருக்கும்போது மருந்து கொடுத்திருப்பார்கள். அது இறங்கியபோது மருந்து கேட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

உடனே காட்ட வேண்டியவை வேறு. அசைவின்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் சில நொடி வெறித்துப் பார்ப்பது, பேச்சு பாதியில் அறுந்து மறுபடி தொடர்வது: இது வலிப்பாக இருக்கலாம். காலையில் எழுந்தவுடன் கை தூக்கிப் போட்டு டம்ளரோ பல் துலக்கும் பிரஷ்ஷோ கையிலிருந்து தெறிப்பதும் அப்படியே. தூக்கத்தில் வருவது, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, அதோடு தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் சேர்வது, படிப்பிலும் பேச்சிலும் பின்னோக்கிப் போவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வாந்திக்கு மருந்து கொடுத்த ஓரிரு நாளுக்குள் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, கண் மேலே செருகி நின்றுவிட்டால் அது அந்த மருந்தின் பக்க விளைவாக இருக்கலாம். மருந்துச் சீட்டோடு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும்.

நம் ஊரில் மறக்கக் கூடாத இன்னொன்று, ருமாட்டிக் காய்ச்சலோடு (தொண்டைக் கிருமித் தொற்றுக்குப் பின் வரும் நோய்) வரும் கொரியா என்ற அசைவுக் கோளாறு. தொண்டைப் புண் வந்து சில வாரமோ சில மாதமோ கழித்துத் தலைகாட்டும். டிக் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். இது அப்படியில்லாமல் விரல், முகம், தோள் என்று நெளிந்து ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம். நாக்கை வெளியே நீட்டிப் பத்து எண்ணும் வரை வைக்கச் சொல்லுங்கள். உள்ளே போய்ப் போய் வருகிறதா? உங்கள் இரண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடி பால் கறப்பது போல இறுகி இறுகித் தளர்கிறதா? போன மாதத்து நோட்டையும் இந்த வாரத்து நோட்டையும் பக்கத்தில் வையுங்கள், எழுத்து உருக்குலைந்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள்.

இது எதுவும் இல்லை, டிக்தான் என்றாலும் டாக்டரிடம் போக வேண்டிய நேரம் உண்டு. கழுத்தை வெட்டி வெட்டி வலி வருகிறது. வாசிக்கும்போது வரி தவறுகிறது. தூங்கப் போக முடியவில்லை. வகுப்பில் கேலி செய்கிறார்கள், பள்ளிக்குப் போக மறுக்கிறான்: இதில் ஒன்று போதும். கழுத்து டிக்கோடு கை மரத்துப்போவதோ பலம் குறைவதோ இருந்தால் அன்றே. கவனம் நிற்காமை, ஓயாத துறுதுறுப்பு, கையைக் கழுவிக்கொண்டே இருப்பது, பொருளை ஒரே வரிசையில் வைக்காவிட்டால் தவிப்பது ஆகியவையும் டிக்கோடு அடிக்கடி கூட வரும். பல பிள்ளைகளுக்கு டிக்கைவிட இவைதான் பெரிய தொல்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் கண் சிமிட்டலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

'ஒரு வருடம் பொறுங்கள்' என்று சிலர் சொல்வார்கள். அந்த ஒரு வருடம் நோய்க்குப் பெயர் வைப்பதற்கான கணக்கு. அசைவு டிக் இரண்டோ அதற்கு மேலோ, சத்த டிக் ஒன்றாவது இருந்து, டிக் ஒரு வருடத்தைத் தாண்டினால் டூரெட் என்பார்கள். உதவி கேட்க அந்தக் கெடு வேண்டாம். டூரெட் என்றதும் கெட்ட வார்த்தை கத்துவது என்று பயப்படாதீர்கள். அது சிறு பகுதியினருக்குத்தான் வரும். பொதுவாக 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயது முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறையும்.

போகும்போது வீடியோ கொண்டுபோங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை அடக்கிக்கொள்ளும். ஒரு செருமல்கூட வராது. முகம் தெளிவாக ஒன்று, முழு உடம்பும் தெரிய ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், நடுவில் ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டு எடுங்கள். அவனுக்குத் தெரியாமல் எடுத்தால் நல்லது. முதலில் குழந்தை டாக்டர் போதும்; சந்தேகம் இருந்தால் அவரே குழந்தை நரம்பியல் டாக்டரிடம் அனுப்புவார். சாதாரண டிக்குக்கு ஸ்கேனோ ஈஈஜியோ (மூளை மின் அலைச் சோதனை) தேவைப்படாது. கேட்டு வாங்காதீர்கள்.

வீட்டில் 'செய்யாதே, நிறுத்து' என்று சொல்வதை எல்லாரும் விட வேண்டும், தாத்தா பாட்டி உட்பட. அரிப்பு மாதிரி ஓர் உந்துதல் முன்னால் வருகிறது. தும்மலை அடக்கச் சொல்வது போலத்தான் இதுவும். டீச்சரிடமும் அதையே சொல்லி வையுங்கள். தொந்தரவு இல்லாவிட்டால் சிகிச்சையே வேண்டாம். இருந்தால் முதலில் பழக்க மாற்றுப் பயிற்சி: உந்துதல் வந்தவுடன் டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத வேறொன்றைச் செய்வது. செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது, சிமிட்டலுக்கு மெல்ல, நிதானமாக இமைப்பது, ஒரு நிமிடமோ உந்துதல் அடங்கும் வரையோ. இந்தப் பயிற்சி தெரிந்த உளவியலாளர் சொல்லிக்கொடுத்தால் வழக்கமாகப் பத்து வாரத்தில் எட்டு அமர்வு. 7 வயதில் சிலருக்கு உந்துதலை உணரத் தெரியாது. ஒரு வருடம் கழித்து மறுபடி தொடங்கலாம்.

மருந்து அதற்கப்புறம். குளோனிடின் கொடுத்தால் தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். ரிஸ்பெரிடோன் என்றால் பசியும் எடையும் கூடும், மாதம் ஒரு முறை எடை பாருங்கள். டிக் குறைந்துவிட்டது என்று குளோனிடினை நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் எகிறிவிடும். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறையுங்கள்.