டிரையல்ஸ் பைக் கேள்வி-பதில்: கிளட்ச், டயர், கேட்டலோனியா

டிரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பு கிடையாது. பாறையும் ஓடையும் வேரும் நிறைந்த ஒரு பகுதியை நாடா கட்டிப் பிரித்து வைத்திருப்பார்கள். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். அதைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3, விழுந்தாலோ கடக்க முடியாமல் போனாலோ 5. கடைசியில் குறைந்த புள்ளி வாங்கியவர் ஜெயிக்கிறார். இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் எழுதிய கேள்விகளே இந்த முறை அதிகம். 'என்ன மாட்டலாம்?' என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இருப்பதை முதலில் சரியாக்குங்கள் என்பதுதான் பெரும்பாலும் என் பதிலாக இருக்கும்.

கேள்வி: பழைய பீட்டா எவோ 250 வாங்கியிருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டால் வண்டி முன்னால் பாய்ந்து ஆஃப் ஆகிவிடுகிறது. சூடான பிறகும் நியூட்ரல் சரியாக விழுவதில்லை. புது கிளட்ச் பிளேட் வாங்கட்டுமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். எவோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் பார்க்கும் பிரச்சினைதான் இது. புது பிளேட் போட்டாலும் அது திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் கோளாறு தேய்மானத்தால் வருவதில்லை.

கிளட்ச்சைப் பிரித்து ஒரு ஃபைபர் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சின்னச் சின்ன ஃபைபர் துண்டுகளை அலுமினியத் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். துண்டுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் பழுப்பு நிறத்தில் பசை படிந்து இறுகியிருக்கும். ஆயில் ஓட வேண்டிய வாய்க்கால் அந்த இடைவெளிதான். பசை அதை அடைத்துக்கொள்வதால் ஆயில் வெளியேற வழியில்லாமல் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது இது இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது பொறுமையான வேலை. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிளட்ச் மூடி மேலே வரும்படி வண்டியைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். ஆயிலை வடிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை எடுக்கும் வரிசையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சின்ன அரத்தாலோ, கூரான கத்தி முனையாலோ அந்தப் பசையை மட்டும் சுரண்டி எடுங்கள். அரமோ கத்தியோ ஃபைபர் மேல் படக்கூடாது. எல்லாப் பிளேட்டையும் முடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆகலாம். ஸ்டீல் பிளேட்டுகளின் பளபளப்பை நைஸ் எமரித்தாள் வைத்து லேசாக எடுத்துவிடுங்கள். திரும்பப் பூட்டும் முன் எல்லாவற்றையும் கியர் ஆயிலில் ஊற வைத்து எடுங்கள். போல்ட் முறுக்கும்போது நிதானம் தேவை. மரை அலுமினியத்தில் வெட்டியது, பலம் கொடுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஆயிலையும் கவனியுங்கள். இந்த கியர்பாக்ஸில் பிடிப்பதே அரை லிட்டர் அளவுதான், அதனால் அடிக்கடி மாற்றுவது பெரிய செலவு இல்லை. பலர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய ஏடிஎஃப் ஆயிலை ஊற்றி ஓட்டுகிறார்கள், கிளட்ச் நன்றாகப் பிரிகிறது. இவ்வளவும் செய்த பிறகும் குளிர் காலையில் லேசான ஒட்டல் இருக்கும். என்ஜினைக் கிளப்பும் முன் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பிளேட் விடுபட்டுவிடும்.

கேள்வி: கிளட்ச் லிவர் மெத்தென்று இருக்கிறது. பிரேக் ஆயிலையே ஊற்றலாம்தானே?

மாஸ்டர் சிலிண்டர் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். சில வண்டிகளின் கிளட்ச்சுக்கு டாட் 4 என்ற பிரேக் ஆயில், சிலவற்றுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல் உப்பிப் பாழாகிவிடும். லிவர் மெத்தென்று இருப்பது பெரும்பாலும் உள்ளே காற்று புகுந்ததால்தான். அதை எடுக்க ஒரு சிரிஞ்சை வைத்துக் கீழேயிருந்து மேலே ஆயிலை ஏற்றுங்கள். குமிழி தானாகவே மேலே போகும்.

கேள்வி: பின் டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? எவ்வளவு வைத்தாலும் ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறது.

பின்னால் 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன்னால் 6 அளவில். கேட்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் டிரையல்ஸ் வண்டி பாறையைப் பிடித்து ஏறுவதன் ரகசியம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. அந்த டயரின் பக்கவாட்டு மென்மையானது. குறைந்த காற்றில் அது பாறையின் முனையைச் சுற்றி மடங்கி உட்காரும். பங்க்கில் இருக்கும் கேஜ் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் கேஜ் ஒன்று வாங்குங்கள். ஒரு பிஎஸ்ஐ கூடினாலும் குறைந்தாலும் ஈரப் பாறையில் வித்தியாசம் தெரியும். இதே காற்றில் தார் ரோட்டில் வேகமாகப் போகாதீர்கள்.

காற்று இறங்குவதற்கு வருவோம். பின்னால் டியூப்லெஸ், முன்னால் டியூப் என்பதுதான் வழக்கமான அமைப்பு. பின் சக்கரத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி மூன்று இடம் பாருங்கள்: வால்வு, டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பு, ஸ்போக் நிப்பிள்கள். விளிம்பில் குமிழி வந்தால் உள்ளே மண்ணோ பழைய ரப்பரோ சிக்கியிருக்கும், கழற்றித் துடைத்து மாட்டினால் போதும். நிப்பிளில் வந்தால் ரிம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். சில ரிம்களில் ஸ்போக்குகள் நடுவில் நிற்கும் ஒரு விளிம்பில் மாட்டியிருக்கும், ஸ்போக் ஓட்டைகள் காற்று இருக்கும் அறைக்குள் போகாது. மற்றவற்றில் உள்ளே ஒரு ரப்பர் பட்டைதான் ஓட்டைகளை மூடுகிறது. அந்தப் பட்டை வயசாகிக் கெட்டியானால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: ஆசையாக 300 சிசி வாங்கினேன். த்ராட்டிலைத் தொட்டாலே முன்சக்கரம் தூக்குகிறது. பயமாக இருக்கிறது. விற்றுவிட்டு 250 வாங்கட்டுமா?

விற்கும் முன் சில வேலைகளைச் செய்து பாருங்கள். விலை குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலில் த்ராட்டில் டியூப். மெதுவாகத் திறக்கும் டியூப் தனியாக விற்கிறார்கள். மணிக்கட்டு அதே அளவு திரும்பினாலும் கார்புரேட்டர் கொஞ்சமாகத்தான் திறக்கும். வண்டியிலேயே மழைக்காக இழுப்பை மென்மையாக்கும் இக்னிஷன் மேப் சுவிட்ச் இருந்தால் அதையும் போட்டு ஓட்டுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அடுத்தது ஃப்ளைவீல் வெயிட். ஃப்ளைவீலோடு ஒரு எஃகு வளையத்தைச் சேர்த்தால் என்ஜின் வேகம் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகும், குறைந்த வேகத்தில் ஆஃப் ஆகாமல் ஓடும். புதியவர்களுக்கு நான் சொல்லும் மாற்றங்களில் இது முதல் இடத்தில் இருக்கிறது. தேர்ந்த பிறகு பாறைமேல் சட்டென்று குதிக்க வேண்டும் என்றால் அந்த எடை தடையாக இருக்கும், அப்போது கழற்றிவிடலாம். சில மாடல்களுக்கு கம்ப்ரஷனைக் குறைக்கும் ஹெட் இன்சர்ட்டும் கிடைக்கிறது.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அது எதிர்மாறாக வேலை செய்யும்: கியர் இன்னும் குட்டையாகி இழுப்பு கூடும். இரண்டாவது கியரிலேயே செக்‌ஷன் ஓட்டிப் பழகுங்கள்.

காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் லேன்யார்டு சுவிட்சை மணிக்கட்டில் மாட்டாமல் இந்த வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். நீங்கள் விழுந்தால் என்ஜின் உடனே நிற்க வேண்டும். அலறிக்கொண்டு ஓடும் செயினும் பின் டிஸ்க்கும் விரலை எடுத்துவிடும்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். 2019 ராயல் என்ஃபீல்டு புல்லட் டிரையல்ஸ் 350 வைத்திருக்கிறேன். இதை நிஜமான டிரையல்ஸ் வண்டியாக மாற்ற முடியுமா?

உங்கள் வண்டிக்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கப் டிரையலுக்கு ராயல் என்ஃபீல்டு ஒரு புதிய 350-ஐக் கொண்டுவந்தது. பின்னால் ஸ்விங்ஆர்மும் ஷாக் அப்சார்பரும் இருந்தன. அப்போதெல்லாம் டிரையல்ஸுக்கு ஸ்பிரிங்கே இல்லாத பின்பக்கம்தான் நல்லது என்று நம்பியவர்கள் அதிகம். அந்த நம்பிக்கையை உடைத்ததில் இந்த வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. ஜானி பிரிட்டன் என்ற ஓட்டுநர் 1952-லும் 1957-லும், ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையலை வென்றது என்ஃபீல்டில்தான். 2019 மாடல் அந்த வண்டிகளுக்குச் செய்த மரியாதை.

ஆனால் எடையைப் பாருங்கள். இன்றைய டிரையல்ஸ் வண்டி 70 கிலோவை ஒட்டி இருக்கிறது. உங்களுடையது 180-க்கு மேல். எடை குறைப்பதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு டிரையல்ஸ் ஓட்டுநர் சாமி மில்லரின் ஏரியல் என்ற பிரிட்டிஷ் வண்டி ஓர் அளவுகோல். ஜிஓவி 132 என்ற பதிவு எண் கொண்ட அந்த 500 சிசி வண்டி, கம்பெனியிலிருந்து வந்தபோது 130 கிலோ அளவில் இருந்த மாடல். வருடக்கணக்கில் ஒவ்வொரு பாகமாக மாற்றி அதை 111 கிலோ வாக்கில் கொண்டுவந்து, 1962-லும் 1964-லும் ஸ்காட்டிஷ் டிரையலை வென்றார். அவ்வளவு கைத்திறனும் உழைப்பும் போட்டு அவர் குறைத்தது சுமார் 20 கிலோ. உங்கள் புல்லட்டில் 40 கிலோ குறைத்தாலும் 140 இருக்கும்.

ஆகவே, பாறை ஏறும் கனவை இந்த வண்டியில் வைக்காதீர்கள். மண் பாதை, ஆற்றுப் படுகை, மெதுவான சமநிலைப் பயிற்சி ஆகியவற்றுக்கு இது அருமையான வண்டி. நின்றுகொண்டு ஓட்ட வசதியாக ஹேண்டில்பாரை உயரமாக்குங்கள், ஃபுட்ரெஸ்ட்டை அகலமானதாக மாற்றிக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், முன் ஸ்பிராக்கெட்டை ஒரு பல் குறையுங்கள். இரண்டு சக்கரத்திலும் டியூப் என்பதால் காற்றை ரொம்பக் குறைத்தால் ரிம்முக்குள் டயர் வழுக்கி வால்வைப் பிய்த்துவிடும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போட்ட பிறகே குறையுங்கள். ஃபிரேமை வெட்டாதீர்கள். அதிக நாள் விற்காத மாடல் அது, பின்னால் உங்களுக்கே வேண்டியிருக்கும்.

கேள்வி: மோன்டேசா, காஸ்காஸ், டிஆர்எஸ் என்று எந்த டிரையல்ஸ் கம்பெனியைப் பார்த்தாலும் ஸ்பெயினில் பார்சிலோனா பக்கமே வருகிறதே, ஏன்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. மோன்டேசா 1945 வாக்கில் பார்சிலோனாவில் பெரே பெர்மான்யேரும் பிரான்செஸ்க் புல்தோவும் சேர்ந்து தொடங்கியது. 1958-ல் ரேஸிலிருந்து விலக நிறுவனம் முடிவு செய்தபோது புல்தோ வெளியேறி புல்டாகோவை ஆரம்பித்தார். 1964-ல் அவர் சாமி மில்லரை அழைத்துவந்து ஷெர்பா டி-யை உருவாக்கினார். மறு வருடமே மில்லர் அதில் ஸ்காட்டிஷ் டிரையலை வென்றார். கனமான பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக் காலம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம். இதே ஊரில் சினிமா புரொஜெக்டர் செய்துகொண்டிருந்த ஓஸா கம்பெனியும் களத்தில் இறங்கியது. மிக் ஆண்ட்ரூஸ் 1970, 71, 72 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஓஸா வண்டியில் ஸ்காட்டிஷ் டிரையலை வென்றார்.

1980களின் முதல் பாதியில் ஓஸாவும் புல்டாகோவும் மூடப்பட்டன. மோன்டேசா ஹோண்டாவின் கைக்குப் போய்ப் பிழைத்தது. ஆனால் வெல்டர், கடைசல்காரர், சோதனை ஓட்டுநர் எல்லோரும் அங்கேயேதான் இருந்தார்கள். சுற்றிலும் பாறை மலைகளும் இருந்தன. 1985-ல் புல்டாகோ விற்றுக்கொண்டிருந்த இருவர் ஜிரோனா பக்கத்தில் காஸ்காஸைத் தொடங்கியது அந்த மண்ணில்தான். ஏழு முறை உலக சாம்பியனான ஜோர்டி தாரெஸ் தன் டிஆர்எஸ் வண்டியைக் கொண்டுவந்ததும் அங்கிருந்துதான். 2007 முதல் பத்து வருடங்களுக்கு மேல் உலகப் பட்டத்தைத் தொடர்ந்து வென்ற டோனி போவும், பெண்களில் 13 உலகப் பட்டம் வென்ற லாயா சான்ஸும் பார்சிலோனாவும் ஜிரோனாவும் இருக்கும் கேட்டலோனியா பகுதிக்காரர்கள். தொழிற்சாலையும் ஓட்டுநரும் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பதன் பலன் வண்டியில் தெரிகிறது.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் பக்கத்தில் இருக்கும் பீட்டாவையும் மறக்கக்கூடாது. தாரெஸின் முதல் நான்கு பட்டங்கள் பீட்டாவில் வந்தவை. நமக்கும் ஓர் இழை உண்டு: டக்கார் ராலியில், டிரையல்ஸ் வண்டியும் செய்யும் பிரெஞ்சுக் கம்பெனி ஷெர்கோவோடு கைகோத்து ஓடியது ஓசூர் டிவிஎஸ்.

கேள்வி: பிரிட்டனில் ஒரு பழைய புல்டாகோ ஷெர்பா கிடைக்கிறது. ஃபைபர்கிளாஸ் டேங்க் நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா?

வண்டியை வாங்குங்கள், டேங்க்கில் இன்றைய பெட்ரோலை ஊற்றாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் கால ரெசினை இளக்கிவிடும். டேங்க் மெத்தென்று ஆகும், கரைந்த பிசின் கார்புரேட்டர் வழியாக என்ஜினுக்குள் போய் ஒட்டும். எத்தனாலைத் தாங்கும் எபாக்ஸி பூச்சு உள்ளே போடலாம். அலுமினிய டேங்க் வாங்கி மாட்டிவிட்டுப் பழையதை அலமாரியில் வைப்பது இன்னும் நல்லது.

புது வண்டிக்காரர்களுக்கும் எத்தனால் தொல்லை உண்டு. ஒரு மாதம் ஓட்டாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். பைலட் ஜெட்டின் துளை முடி நுழையும் அளவுதான். அது பாதி அடைந்தாலே ஐடிலில் வண்டி தடுமாறும்.

கேள்வி: போட்டி முடிந்ததும் பிரஷர் வாஷர் அடித்துக் கழுவுகிறேன். வேறென்ன செய்ய வேண்டும்?

பின் சஸ்பென்ஷனின் லிங்க்கேஜ், ஸ்விங்ஆர்ம், ஹேண்டில் கோன் பேரிங் பக்கம் அந்தத் தண்ணீரை நேராக அடிக்காதீர்கள். வாளித் தண்ணீரும் பிரஷும் அங்கே போதும். லிங்க்கேஜ் வண்டியின் அடியில் இருப்பதால் ஒவ்வொரு ஓடையிலும் முங்குகிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது முழுதாகக் கழற்றி, துடைத்து, தண்ணீர் தாங்கும் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருப்பது கையிலேயே தெரியும். ஏர் ஃபில்டரைக் கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே ஃபில்டர் ஆயில் போடுங்கள். கியர் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் வாட்டர் பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்றும்போது ஷாஃப்ட்டையும் நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டில் புது சீல் போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது.