நக்குரு பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லம்: பொறுப்பை ஏற்கும் முன்

கேள்வி: நைரோபியில் வேலை பார்க்கிறேன். நக்குரு பக்கத்தில் முப்பது பிள்ளைகள் இருக்கும் ஓர் அநாதை இல்லத்துக்கு நானும் நண்பர்களும் அவ்வப்போது அரிசி, எண்ணெய் வாங்கிக் கொடுத்து வந்தோம். இல்லத்தை நடத்திவந்த பெரியவருக்கு இப்போது உடம்பு முடியவில்லை. அன்றாட நிர்வாகத்தை எங்களையே ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். சாப்பாடு, ஆட்கள், பள்ளி, மருத்துவம் இதெல்லாம் எப்படி நடத்த வேண்டும்? சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் மகள், விடுமுறையில் வந்து இரண்டு மாதம் அங்கேயே தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?

பதில்: முதல் வேலை சமையலறையில் இல்லை, ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. கென்யாவில் 2017 நவம்பரிலிருந்து புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை அரசு நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே இந்த இல்லம் ஏற்கெனவே பதிவானதா, பதிவு யார் பெயரில், புதுப்பித்தது எப்போது என்று பார்க்காமல் ஒரு ஷில்லிங்கும் போடாதீர்கள். 2022-இல் வந்த சிறுவர் சட்டப்படி, ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதற்குக் காலவரம்பும் உண்டு. முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது கோப்புகள் இருக்க வேண்டும். "பாதிரியார் கொண்டுவந்து விட்டார்", "போலீஸ் விட்டுப் போனது" என்று வாய்வார்த்தையில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு வரப்போகும் தலைவலியின் அளவு அதிலேயே தெரிந்துவிடும்.

அதே 2022-இல் கென்ய அரசு பத்தாண்டுத் திட்டம் ஒன்றையும் வெளியிட்டது. 2032-க்குள் பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்கு மாற்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். எனவே நீங்கள் ஏற்கப்போவது வளர்க்க வேண்டிய நிறுவனம் இல்லை, நல்லபடியாகச் சுருக்க வேண்டிய நிறுவனம். இதைப் பணம் போடப்போகும் நண்பர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கட்டடத்துக்கு மாடி எடுக்கலாம், ஐம்பது பிள்ளைகள் ஆக்கலாம் என்ற கனவோடு வருகிறவர்கள் ஆறு மாதத்தில் கோபித்துக்கொண்டு போவார்கள்.

கோப்புகளைத் திறந்தால் இன்னொன்றும் தெரியும். 'அநாதை' என்று பலகை மாட்டியிருக்கும் இல்லங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ, குறைந்தது பாட்டியோ இருக்கிறார்கள். கென்யாவில் மட்டுமில்லை, ஆப்பிரிக்காவில் பல நாடுகளிலும் இதே கதைதான். பிறகு ஏன் இங்கே வந்தார்கள்? நைவாஷா பூப்பண்ணையில் விடிகாலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் தனித்தாய்க்குப் பிள்ளையை விட்டுப்போக இடமில்லை. 2003 முதல் அரசு ஆரம்பப் பள்ளியில் கட்டணம் கிடையாதுதான். ஆனால் சீருடை, ஷூ, மதியச் சாப்பாட்டுக் காசு, தேர்வுக் காசு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் காசு இல்லாததுதான் பல பிள்ளைகளை இல்லத்தின் கேட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. உறவினரைத் தேடுவதை எப்போதோ ஓய்வு கிடைத்தால் செய்யும் வேலையாக வைக்காதீர்கள். அதற்கென்றே ஒரு சமூகப் பணியாளரைச் சம்பளத்துக்கு வையுங்கள். சமையல்காரருக்கு அடுத்து அவர்தான் முக்கியம்.

ஒவ்வொரு கோப்பிலும் சேர்ந்த தேதி, கொண்டுவந்தவர், உத்தரவு நகல், கிளினிக் அட்டை, பிறப்புச் சான்றிதழ், உறவினர் போன் எண்கள் இருக்கட்டும். கூடவே ஊருக்குப் போகும் வழியைக் கையால் வரைந்த படம் ஒன்றும் வேண்டும். கிராமத்தில் கதவு எண் கிடையாது. 'மாவு மில்லைத் தாண்டி, சர்ச்சுக்குப் பின்னால், நீலத் தகரக் கூரை' என்பதுதான் முகவரி. பிறப்புச் சான்றிதழைத் தள்ளிப்போடாதீர்கள், பள்ளியில் பெயர் பதியும்போதே கேட்பார்கள். பதினெட்டு வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றவர்களின் அட்டை நகலையும் கேட்பார்கள். உறவு அறுந்துபோன பிள்ளை அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

சரி, அன்றாடத்துக்கு வருவோம். விடியும் முன்பே அடுப்பு எரிய வேண்டும். காலையில் உஜி என்கிற கஞ்சி. மதியமோ இரவோ மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைக்கும் கிதேரி. இல்லையென்றால் உகாலிக் களியும் சுகுமா விக்கி கீரையும். அரிசி அங்கே அன்றாடச் சாப்பாடு இல்லை. நீங்கள் அரிசி கொடுப்பதற்குப் பதில் மக்காச்சோளமும் பீன்ஸும் கொடுத்திருந்தால் அதே காசுக்கு இன்னும் நாள் வந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 300 கிராம் மக்காச்சோளம் என்று வைத்தால் முப்பது பேருக்கு 9 கிலோ. அங்கே விற்கும் 90 கிலோ மூட்டை பத்து நாள் வரும். பெரிய பிள்ளைகள் அதிகம் என்றால் இன்னும் சீக்கிரம் தீரும். நக்குரு பக்கம் அறுவடை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது விலை இறங்கும், மே, ஜூனில் ஏறிவிடும். எனவே வருடத் தொடக்கத்துக்கான மூட்டைகளை அறுவடையிலேயே வாங்குங்கள்.

வாங்கும்போது ஈரம் பார்க்காமல் வாங்காதீர்கள். சரியாகக் காயாத மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 2004-இல் மக்குவேனி, கிட்டூய் பகுதிகளில் இதைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாகவோ ஈரமாகவோ பட்டால், கறுத்த, பச்சை படிந்த மணிகள் வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தானமாக வந்த மூட்டைக்கும் இதே விதிதான். தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். பீன்ஸை முதல் நாள் இரவே ஊறப்போட்டால் கரியும் விறகும் மிச்சம். வாரம் இரண்டு நாள் ஓமேனா போடுங்கள். விக்டோரியா ஏரியில் பிடித்துக் காயவைக்கும், நெத்திலி அளவு மீன் அது. இறைச்சி வாங்க முடியாத இல்லத்தில் பிள்ளைகளுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில்தான் கிடைக்கும்.

தண்ணீர் விஷயம் நக்குருவுக்கே உரிய தொல்லை. நக்குரு இருக்கும் பிளவுப் பள்ளத்தாக்கில் (ரிஃப்ட் வேலி) போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். பல்லில் பழுப்புக் கறை இருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. கூரையிலிருந்து மழைநீரைப் பிடித்து ஒரு தொட்டியில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க, துவைக்க போர்வெல் போதும்.

ஆட்கள் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் ஆன்ட்டி என்று கூப்பிடும் பராமரிப்புப் பெண்கள் அடிக்கடி மாறுவதைப் போல ஒரு பிள்ளைக்குக் கெடுதல் வேறில்லை. முப்பது பேரையும் எல்லோருமாகப் பார்ப்பதை விட்டு, ஏழெட்டுப் பேருக்கு ஒருவர் என்று பிரித்து, அதே பெண்ணே குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பள்ளிக்குக் கூப்பிட்டால் போய் நிற்கும்படி செய்யுங்கள். அவர்களுக்கு வார விடுமுறை, மாற்று ஆள், அரசு நிர்ணயித்த குறைந்தபட்சத்துக்குக் குறையாத சம்பளம் வேண்டும். 2024 அக்டோபரில் அரசின் பழைய மருத்துவக் காப்பீடு போய் எஸ்எச்ஏ என்ற புதிய காப்பீடு வந்திருக்கிறது. அதில் அவர்கள் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுவருக்கு வண்ணம் அடிக்க நன்கொடையாளர் சுலபமாகக் கிடைப்பார், இரவு ஆளின் சம்பளத்துக்குக் கிடைக்க மாட்டார். உங்கள் நண்பர்கள் ஏற்க வேண்டியது அந்த இரண்டாவதைத்தான்.

வேலைக்குச் சேர்ப்பவர் எவரானாலும் போலீஸ் நன்னடத்தைச் சான்று வாங்குங்கள். அடிப்பது கூடாது: 2010 அரசியலமைப்பே உடல் தண்டனைக்கு எதிராக இருக்கிறது. 116 என்ற இலவசச் சிறுவர் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆபீஸுக்குள் ஒட்டி என்ன பயன்?

எச்ஐவி உள்ள பிள்ளைகள் இருந்தால் மருந்து அரசு கிளினிக்கில் இலவசமாகவே கிடைக்கும். தவறாமல் ஒரே நேரத்தில் கொடுப்பதுதான் உங்கள் வேலை. தனித் தட்டு, தனிக் கட்டில் வேண்டவே வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து என்பது கொடுப்பவருக்கும் செவிலியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பிள்ளைக்கு விஷயத்தை எப்போது, எப்படிச் சொல்வது என்பதை கிளினிக் ஆலோசகரோடு பேசி முடிவு செய்யுங்கள். அப்புறம் பிள்ளைகளின் பாதங்களைப் பாருங்கள். மண் தரை இருந்தால் ஃபுன்சா என்ற மணல் தெள்ளு விரலிடுக்கில் புகுந்துகொள்ளும். ஒரே ஊக்கால் பத்துப் பிள்ளைகளுக்குக் குத்தி எடுப்பதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள்; ரத்தம் வழியாகப் பரவும் நோய்க்கு அது வாசல் திறந்துவிடும். கிளினிக்கில் மருந்து கேளுங்கள், தரைக்கு சிமென்ட் போடுங்கள்.

பணத்தை எம்-பேசா என்ற செல்போன் பணப் பரிமாற்றம் மூலமே கொடுங்கள், கணக்கு தானாக நிற்கும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பிரெட்டும் மிட்டாயும் குவியும். பிப்ரவரியில் சமையல் எண்ணெய் இருக்காது. என்ன கொண்டுவரட்டும் என்று கேட்பவர்களிடம் நாப்கின், பள்ளி ஷூ, சோப்பு என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதைப் பள்ளி விடுமுறையில் தொடங்கலாம். ஏப்ரல், ஆகஸ்ட், வருடக் கடைசி என்று மூன்று முறை விடுமுறை வருகிறது. முதலில் ஒரு வாரம் பாட்டி வீட்டில் இருந்துவிட்டு வரட்டும். சமூகப் பணியாளர் போய்ப் பார்த்து, எங்கே படுக்கிறது, யார் யார் இருக்கிறார்கள், பள்ளி எவ்வளவு தூரம் என்று எழுதட்டும். ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதம் 2,000 ஷில்லிங் தரும் திட்டம் உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்க உதவுங்கள். போதாததற்கு, இல்லத்தில் அதே பிள்ளைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கைப் பாட்டிக்குக் கொடுங்கள். பெரும்பாலும் மிச்சம்தான் வரும். அனுப்பிவிட்டுக் கைகழுவக் கூடாது. ஒரு வருடமாவது போய்ப் பார்க்க வேண்டும். வீட்டில் அடி, குடி, வன்முறை என்றால் அனுப்பவே வேண்டாம், வேறு உறவையோ வளர்ப்புக் குடும்பத்தையோ தேடுங்கள்.

இனி மகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பாதீர்கள். நீங்கள் போகும்போது நாலு வயதுப் பிள்ளை ஓடிவந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டிருக்கும், உங்களுக்கும் நெஞ்சு உருகியிருக்கும். வீட்டில் வளரும் நாலு வயதுப் பிள்ளை முன்பின் தெரியாதவரைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளியும். யார் வந்தாலும் ஒட்டிக்கொள்வது பலர் வந்து வந்து போனதன் அடையாளம். உங்கள் மகள் இரண்டு மாதம் அன்பாக இருந்துவிட்டு விமானம் ஏறினால் அந்த வரிசையில் இன்னொருவர் ஆவார், அவ்வளவுதான். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இல்லங்களில் நடக்கும் இத்தகைய தன்னார்வச் சுற்றுலாவின் கேட்டைச் சுட்டிக்காட்டியது. சுற்றுலா அனுமதியில் வந்து சம்பளமில்லாமல் வேலை செய்தாலும் கென்யக் குடிவரவுச் சட்டப்படி சிக்கல்தான். ஆர்வம் நிஜம் என்றால் சென்னையிலிருந்தே கணக்குப் புத்தகத்தை எக்செலில் வடிவமைத்துத் தரட்டும், நன்கொடை திரட்டட்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை மட்டும் எங்கேயும் போட வேண்டாம்.

அடுத்த வாரம் பெரியவரையும் அழைத்துக்கொண்டு அந்தத் துணைக் கவுண்டியின் (நம் ஊர் தாலுகா மாதிரி) சிறுவர் நல அதிகாரியைப் பாருங்கள். பதிவுச் சான்று, பிள்ளைகள் பட்டியல், யாருக்கு உத்தரவு இல்லை என்ற தனிப் பட்டியல், மூன்று மாதச் செலவுக் கணக்கு கையில் இருக்கட்டும். பொறுப்பு கைமாறுவதை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு முதல் மூட்டையை வாங்குங்கள்.