கட்டி சினைப்பையில், நோய் மூளையில்

"கட்டி மூளைக்குப் பரவாமலே மூளையைப் பாதிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கும். என் தங்கைக்கு அப்படித்தான் நேர்ந்தது.

அவளுக்கு அப்போது 21 வயது. நான்கைந்து நாள் காய்ச்சலும் தலைவலியும். காய்ச்சல் விட்டதும் தூக்கம் போயிற்று. சமையலறையில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி அழுதாள். அம்மா திருநீறு பூசிவிட்டார். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இரண்டாம் வாரம் வலிப்பு வந்தது, பேச்சு நின்றது. வாயில் ஒன்றுமில்லாமலேயே ஓயாமல் எதையோ மென்றுகொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பசிக்கிறதோ என்று அம்மா கஞ்சிக் கிண்ணத்துடன் கட்டிலருகே நின்றது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த மெல்லலைப் பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கச் சொன்னார், வயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொன்னார்.

சினைப்பையில் டெரட்டோமா இருந்தது. பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டி இது. முடி, பல், சில சமயம் நரம்புத் திசுகூட அதற்குள் வளரும். அந்தத் திசுவில், நரம்பு செல்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி பெற உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதம் உண்டு. அதைப் பகையென்று எண்ணி உடல் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அதே ஏற்பி மூளையிலும் இருக்கிறதே! எதிர்ப்பொருள் வந்து ஒட்டியதும், நரம்பு செல் தன் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நினைவும் பேச்சும் நடத்தையும் குலைவது அதனால்தான். இதன் பெயர் என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பொருள் மூளை அழற்சி. 2007-இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மவ் குழுவினர் இதைக் கண்டறிந்தபோது ஆராய்ந்த 12 பெண்களில் 11 பேருக்குச் சினைப்பையில் டெரட்டோமா இருந்தது. கட்டியே இல்லாமலும் இந்நோய் வரும். ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும்.

இதில் செல் பெரும்பாலும் சாவதில்லை, ஏற்பிதான் மறைகிறது. அதனால் மீள முடிகிறது. எல்லாக் கட்டிகளும் இவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. நுரையீரலில் வரும் ஒருவகைச் சிறுசெல் புற்றுநோயோடு சேர்ந்த மூளை அழற்சியில், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் நரம்பு செல்களையே கொன்றுவிடுகின்றன. போனது திரும்புவது அரிது.

தங்கைக்குக் கட்டியை அகற்றினார்கள். ஸ்டீராய்டும், பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் கொடுத்தார்கள். பேச்சு மெல்ல மெல்லத் திரும்ப மாதங்கள் ஆயின. மருத்துவமனையில் இருந்த நாட்கள் அவள் நினைவில் இல்லை.

உங்கள் வீட்டில் இளம்பெண் ஒருத்திக்குத் திடீரென மனக்குழப்பமும், கூடவே வலிப்போ விசித்திர அசைவுகளோ வந்தால், நரம்பியல் மருத்துவரிடம் என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பொருள் சோதனையைத் தயங்காமல் கேளுங்கள். நோய் சிலருக்குத் திரும்ப வரும் என்பதால் என் தங்கை இன்றும் தவறாமல் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள்.