ஆர்சிங்க் பேக்கப்: டிலீட் போடும் முன் கேளுங்கள்

லினக்ஸில் ஆர்சிங்க் கட்டளையை வைத்து ஃபைல்களை பேக்கப் எடுப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சிபி கட்டளையே காப்பி செய்கிறதே சார், ஆர்சிங்க் எதற்கு?

முதல் தடவை பெரிய வித்தியாசம் தெரியாது. மறுநாள் ஓட்டிப் பாருங்கள், ஃபைலின் அளவும் கடைசியாக மாறிய நேரமும் ஒத்துப்போனால் அதைத் தொடாமல் தாண்டிவிடும். நெட்வொர்க்கில் அனுப்பும்போது மாறிய ஃபைலுக்குள்ளும் மாறிய பகுதி மட்டும்தான் போகும், 1996இல் ஆஸ்திரேலியாவில் ட்ரிட்ஜெல்லும் மெக்கராஸும் இதை எழுதியதே அதற்காகத்தான். கூடவே செருகிய யூஎஸ்பி டிஸ்க்குக்கு அந்த வித்தை கிடையாது, மாறிய ஃபைலை முழுசாகவே எழுதும்.

கேள்வி: 'படங்கள்' ஃபோல்டருக்குள் இன்னொரு 'படங்கள்' வந்துவிட்டது, ஏன்?

மூலத்தின், அதாவது எங்கிருந்து எடுக்கிறோமோ அந்த ஃபோல்டர் பெயரின், கடைசியில் ஸ்லாஷ் இல்லை. 'படங்கள்/' என்றால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், 'படங்கள்' என்றால் ஃபோல்டரோடு போகும்.

கேள்வி: அண்ணா, விண்டோஸில்?

ரோபோகாப்பி இருக்கிறது. அதில் மிர் ஆப்ஷன், மூலத்தில் இல்லாததை பேக்கப்பிலும் அழிக்கும் நம் டிலீட் ஆப்ஷன் மாதிரியே ஆபத்து. மற்றதை விண்டோஸ்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: டிலீட் ஆப்ஷன் போடலாமா?

முதலில் மைனஸ் என், மைனஸ் வி இரண்டும் சேர்த்து ஒத்திகை பாருங்கள், என்னென்ன அழியும் என்று பட்டியல் காட்டும், எதையும் தொடாது. நான் ஒத்திகை பார்க்கவில்லை. மூல டிஸ்க் மவுண்ட் ஆகாமல், அதாவது கணினியோடு இணையாமல், காலி ஃபோல்டராக நின்ற ஒரு ராத்திரி, குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரான் டிலீட்டோடு ஆர்சிங்க்கை ஓட்டியது. மூலம் காலி, அதனால் பேக்கப்பையும் காலி செய்துவிட்டது. அது தப்பே செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தது. மூல டிஸ்க் நன்றாக இருந்ததால் பிழைத்தேன்.

கேள்வி: டிலீட் இல்லாவிட்டால் பழைய குப்பை சேருமே, அதெல்லாம் ஒரு பேக்கப்பா?

நீங்கள் கேட்பது கண்ணாடி, மூலத்தில் இருப்பது மட்டும்தான் அதில் தெரியும். காலையில் தெரியாமல் அழித்த ஃபைல் ராத்திரி அங்கேயும் போய்விடும். லிங்க்-டெஸ்ட் ஆப்ஷனைப் பாருங்கள்: தினம் ஒரு ஃபோல்டர், மாறாத ஃபைல்களுக்கு நேற்றைய ஃபோல்டரோடு ஹார்ட் லிங்க், அதாவது டிஸ்க்கில் இருக்கும் அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர். முப்பது நாள் வைத்தாலும் மாறியதற்கு மட்டும்தான் இடம் போகும். பேக்கப் டிஸ்க்கின் ஃபார்மேட் இஎக்ஸ்டி4 மாதிரி இருக்க வேண்டும், எக்ஸ்ஃபேட்டில் ஹார்ட் லிங்க் கிடையாது.

அவரே மறுபடி: அப்படியானால் முப்பது நாளுக்கும் டிஸ்க்கில் ஒரே பிரதிதானே? அந்த இடம் கெட்டால் முப்பதும் போச்சு!

சரி, இதில் நீங்கள் சொல்வதுதான் நியாயம். இரண்டாவது டிஸ்க் வேண்டும், அதை வேறு வீட்டில் வைக்க வேண்டும். ஆனால் உங்கள் கண்ணாடிக்கும் அதே கதிதான், அதையும் ஒத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கும் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வருகிறது...

ஸ்லாஷ். மேலே இருக்கிறது.

கேள்வி: ஃபேட்32 பென்டிரைவில் தினமும் எல்லாமே மறுபடி காப்பி ஆகிறது.

ஃபேட் நேரத்தை இரண்டு வினாடிக் கணக்கில் வைப்பதால் ஒத்துப்போகாமல் இருக்கும். மாடிஃபை-விண்டோ ஆப்ஷனுக்கு 1 கொடுங்கள், ஒரு வினாடி வித்தியாசத்தை மன்னித்துவிடும். 4 ஜிபி அளவு ஃபைல் அதில் ஏறவே ஏறாது, முடிந்தால் பென்டிரைவை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பேக்கப்பிலிருந்து திரும்ப எடுக்க?

அதே கட்டளை, இடம் மாற்றி. மைனஸ் என் முதலில், டிலீட் வேண்டாம். ஸ்லாஷ் பற்றி இனி யாரும் கேட்காதீர்கள்.