திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பு: 5 நாள் மாத்திரை ஏன் போதவில்லை?

கேள்வி: எனக்கு வயது 54. லாரி ஓட்டுகிறேன். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர், ராய்ப்பூர் என்று போய்த் திரும்ப நாளாகும். ஒரு வருடமாக நீர்க்கடுப்பு வந்து வந்து போகிறது. எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, சீட்டில் உட்காரும்போது அடியில் ஒரு மந்தமான வலி. மருந்துக்கடையில் சொல்லி 5 நாளைக்கு மாத்திரை வாங்குவேன். மூன்றாம் நாளே சரியாகிவிடும். ஒன்றரை மாதத்தில் மறுபடியும் அதே எரிச்சல். சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறேன். இன்ஜின் சூடுதான் காரணம் என்று வீட்டில் இளநீரும் வெந்தயமும் தருகிறார்கள். என் மனைவிக்கு இது தொற்றுமா? வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: மனைவியைப் பற்றிய கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரித் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது நம் குடலிலேயே இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி. அது பால்வினை நோய் அல்ல. ஆனால் ஆணுறுப்பிலிருந்து சீழ் வடிந்தாலோ, வேறு தொடர்பு இருந்திருந்தாலோ அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கான பரிசோதனைகள் வேறு. கூச்சமே வேண்டாம். யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்கள்) ஓபி வாசலில் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் உங்கள் வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள்தான்.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர். ஆண்களுக்கு ஏறக்குறைய 20. அவ்வளவு தூரம் கிருமி மேலே ஏறுவது எளிதல்ல. அதனால்தான் ஓர் ஆணுக்கு இது திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே ஏதோ காரணம் இருக்கிறது என்று நாங்கள் தேடத் தொடங்குவோம். இன்ஜின் சூட்டால் கிருமி வராது. ஆனால் தண்ணீர் குடிக்காமல், வண்டியை நிறுத்த இடமில்லாமல் மணிக்கணக்கில் அடக்கி வைப்பது நிச்சயம் கெடுதல்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று, உட்காரும் இடத்தில் வலி. இன்னொன்று, மாத்திரைக்குச் சட்டென்று கேட்டுவிட்டுப் பிறகு திரும்பி வருவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புராஸ்டேட் சுரப்பியில் கிருமி தங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி அது. பல ஆன்டிபயாடிக் மருந்துகள் அதற்குள் சரியாக இறங்குவதில்லை. நீங்கள் சாப்பிடும் மாத்திரை சிறுநீர்ப்பையில் உள்ள சிறுநீரைச் சுத்தம் செய்கிறது, எரிச்சல் நிற்கிறது. சுரப்பிக்குள் ஒளிந்திருக்கும் கிருமி சில வாரங்களில் மறுபடி சிறுநீரில் கலக்கிறது. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பைக்கு நல்ல மருந்துதான், புராஸ்டேட்டுக்கு அது போதாது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை உள்ளே போகும். ஆனால் பொதுவாக 4 முதல் 6 வாரம் சாப்பிட வேண்டும். அதுவும் உங்கள் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று தெரிந்த பிறகுதான். நம் நாட்டில் ஈ.கோலை பல சமயம் இவற்றுக்குக் கட்டுப்படுவதில்லை.

அதைச் சொல்வது யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. அடுத்த முறை எரிச்சல் தொடங்கியதும், தயவுசெய்து, முதல் மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பே லேபுக்குப் போங்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை லேப் தரும் டப்பாவில் பிடித்து உடனே கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு கவரில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கிருமி வந்தால் புராஸ்டேட் மீது எங்கள் சந்தேகம் வலுக்கும். சிறுநீரில் சீழ் செல்கள் இருந்தும் கல்ச்சரில் எதுவுமே வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரகக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அதை மறந்துவிடக் கூடாது.

கூடவே ஒரு ஸ்கேன். சிறுநீரகம், பை, புராஸ்டேட் மூன்றையும் பார்த்து, நீங்கள் போய்விட்டு வந்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் அளக்கச் சொல்லுங்கள். முழுதாகக் காலியாகாமல் 100 மில்லிக்கு மேல் தேங்கி நின்றால் கிருமிக்கு அது வசதி. கல் இருந்தாலும் அப்படித்தான். தாரை மெலிந்திருக்கிறதா? முன்பு விபத்தில் அடிபட்டோ, சிறுநீர் டியூப் போட்டோ இருக்கிறீர்களா? அப்படியானால் குழாயில் சுருக்கம் இருக்கிறதா என்று தனியே பார்ப்பார்கள். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையைத் தொற்று இருக்கும்போது எடுக்காதீர்கள். அளவு ஏறித்தான் காட்டும், வீணாகப் புற்றுநோய்ப் பயம் வரும். குணமாகிச் சில வாரம் கழித்து எடுக்கலாம்.

உங்கள் தொழிலுக்காகச் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிப்ரோ, லெவோ வகை மாத்திரைகள் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடும். நீங்கள் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஸ்டீயரிங் பிடிக்கும் மனிதருக்கு இது சின்ன விஷயம் அல்ல. வேளைக்குச் சாப்பிடுங்கள், இனிப்பு எதையாவது கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கை நடுங்கி வியர்த்தால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு இனிப்பைச் சாப்பிடுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாண் இழுத்து வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். பால், அசிடிட்டி மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எதனுடனும் இவற்றைச் சேர்த்து விழுங்காதீர்கள், மருந்து உடலில் ஏறாது. தாரை சரியாக வர டாம்சுலோசின் கொடுத்தால் ஆரம்பத்தில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். வீட்டில் இருக்கும் நாட்களில், இரவில் தொடங்குவது நல்லது.

சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை என்றால் அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை, ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றையும் எரிச்சலையும் உண்டாக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. லெவோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் போன்றவை 2014 முதல் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் தரக் கூடாது, தந்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழகிய முகம் என்பதற்காக 5 நாள் அட்டையை நீட்டுவது அவருக்குச் செய்யும் உதவி அல்ல.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போகவே முடியாமல் அடைத்தாலோ ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். நாக்பூரோ ராய்ப்பூரோ, அங்கேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே போய்விடுங்கள். லோடு ஒரு நாள் தாமதமாகப் போகட்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. 6 மாதமாகச் சிறுநீர் டியூபோடு இருக்கிறார். ஒவ்வொரு முறை டெஸ்ட் எடுத்தாலும் கிருமி என்று வருகிறது. ஒவ்வொரு முறையும் ஊசி போட வேண்டுமா?
- ஒரு மகள், கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. நீண்ட நாள் டியூப் இருப்பவர்கள் எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் என்று எதுவும் இல்லாதபோது மருந்து கொடுத்தால், பிறகு உண்மையிலேயே தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகும். அவர் நன்றாக இருக்கும்போது டெஸ்ட்டே எடுக்க வேண்டாம். டியூபைச் சொன்ன தேதியில் மாற்றுங்கள், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் அவர் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். டியூப் இன்னும் தேவைதானா என்று அடுத்த முறை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.