டர்பனிலிருந்து சென்னை: எட்டரை மணி நேரமா, பதினெட்டரையா?

கேள்வி: 74 வயதாகும் அம்மாவை முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகிறேன். டர்பன் - சென்னை தூரம் 7,080 கிலோமீட்டர், பயணம் எட்டரை மணி நேரம் என்று இணையத்தில் இருக்கிறது. ஆனால் துபாய் வழியாகப் போட்ட டிக்கெட்டில் மாலை 7 மணிக்கு ஏறி மறுநாள் பகல் 1.30-க்கு இறங்குவதாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால் பதினெட்டரை மணி நேரம் வருகிறதே, எது சரி?
- ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. உங்கள் அம்மா பயணத்தில் இருக்கப்போவது பதினைந்து மணி நேரம்.

உலக உருண்டையில் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற நீளம்தான் அந்த 7,080. நூல் மடகாஸ்கரைத் தாண்டி, மாலத்தீவின் வடபகுதி வழியாகச் சென்னைக்குப் போகும். அந்தத் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் எட்டரை வந்துவிடும். ஆனால் அந்த நூல் மேல் பறக்கிற நேரடி விமானம் கிடையாதே! துபாய் போக ஏறக்குறைய 6,630, அங்கிருந்து சென்னைக்கு 2,930, ஆக சுமார் 2,500 கிலோமீட்டர் சுற்று. வானத்தில் மட்டும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், மீதி துபாயில் காத்திருப்பது.

அப்புறம் அந்தக் கூடுதல் மூன்றரை மணி? டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். இந்தியா நமக்கு மூன்றரை மணி முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது இதே பதினைந்து மணிப் பயணம் பதினொன்றரை போலத் தெரியும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

1860-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16 அன்று இங்கே கரைசேர ஐந்து வாரம் போல ஆயிற்று. அந்தக் கடலை அம்மா இப்போது ஒரே நாளில் திரும்பக் கடக்கப்போகிறார் என்று நினைக்கவே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதனால் தூரத்தை விட, நடுவில் விமானம் மாறுகிற நேரத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் அம்மாவோடு போனபோது ஒன்றே கால் மணி போதும் என்று நம்பினேன். சக்கர நாற்காலி வரவே முக்கால் மணி ஆகி, அடுத்த விமானம் போய்விட்டது, அம்மா இரவு முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு இரண்டரை மணிக்கு மேல் இருக்கிறது, சரி, ஆனாலும் சக்கர நாற்காலி வேண்டும் என்று இப்போதே சொல்லிப் பதிவு செய்யுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால் செலவு உங்கள் தலையில்தான்.

அம்மா சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், மூன்றரை மணி மாறும்போது எதை எப்போது கொடுப்பது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.