ஐந்தருவி போனோம், தலைகூட நனையவில்லை

கேள்வி: ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தலைக்கு 900 ரூபாய் கட்டி வீட்டில் ஐந்து பேர் சுற்றுலா வேனில் குற்றாலம் போனோம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், திரும்பும் வழியில் பாபநாசம் அகத்தியர் அருவி, மதியம் இலைச் சாப்பாடு என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை. பழைய குற்றாலத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால், தலை நனைவதற்குள் விசில் ஊதி நகர்த்திவிட்டார்கள். ‘கூட்டத்தில் நேரமாகிவிட்டது’ என்று பாபநாசமும் இல்லை. இலைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம். வெளியே பெட்டிக்கடையில், 20 ரூபாய் விலை போட்ட தண்ணீர் பாட்டிலை 30 ரூபாய்க்கு விற்றார்கள், பில்லும் இல்லை. கூட்டிக்கொண்டு போனதே நான்தான் என்று மாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மாமியார் வழக்கு என் கைக்கு அடங்காது. பணத்தைப் பார்ப்போம்.

கட்டிய 4,500 ரூபாயும் திரும்ப வராது. அருவியில் குளிக்கத் தடை போட்டது வேன்காரர் இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது நமக்கெல்லாம் நினைவிருக்கும். தண்ணீர் கூடினால் கயிறு கட்டத்தான் செய்வார்கள். அதற்கு யாரிடமும் காசு கேட்க முடியாது.

பாபநாசம் கதை வேறு. நீங்கள் அனுப்பிய நோட்டீஸின் அடியில், கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவில், ‘இயற்கைச் சூழலைப் பொறுத்து மாறுதலுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறது. வெள்ளம் இயற்கைதான், சரி. ஆடி ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் கூட்டம் இருப்பது எந்த ஊர் இயற்கைச் சீற்றம்? சீசனில் வண்டி ஓட்டுகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. அகத்தியர் அருவி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் வனத்துறை செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள். அதற்கேற்ப நேரம் ஒதுக்குவது அவர் பொறுப்பு. சொன்ன இடத்தை விட்டதும், இலைச் சாப்பாடு பொட்டலமானதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. தலைக்கு 300, 350 என்று கேளுங்கள். முழுத் தொகையையும் கேட்டால் அவர் வெள்ளத்தைக் காட்டித் தப்பிப்பார்.

முதலில் வேன்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் சண்டை போட்டால் பின்னால் காட்ட ஒன்றும் இருக்காது. நோட்டீஸ், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அந்தப் பொட்டலத்தை யாராவது போட்டோ எடுத்திருந்தால் அது, மூன்றையும் சேர்த்துப் பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் நெல்லை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வேன்காரர் தென்காசி மாவட்டத்துக்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் 1,500 ரூபாய்க்காக ஆணையத்துக்கு நடப்பேனா என்று கேட்டால், நான் 1915 வரைதான் போவேன்.

தண்ணீர் பாட்டில் விஷயத்துக்கு வருவோம். எம்.ஆர்.பி.யில் வரியெல்லாம் அடக்கம். ‘கூலிங் சார்ஜ்’ என்று கடைக்காரர் சொல்வது அவராக வைத்துக்கொண்ட பெயர். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது கூடுதல் விலை போடலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்டு. அது ரோட்டோரப் பெட்டிக்கடைக்குப் பொருந்தாது. தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பில் இல்லாததால், ஜி-பேயில் 30 ரூபாய் அனுப்பியிருந்தால்தான் கொஞ்சம் பிடி கிடைக்கும். கையில் காசாகக் கொடுத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், மாமியாரைச் சமாதானப்படுத்த ஒரு வழி சொல்கிறேன். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள், காலையில் செங்கோட்டை ரயிலில் ஏறித் தென்காசியில் இறங்கினால் குற்றாலத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது. கிளம்புமுன் குளிக்கத் தடை உண்டா என்று அன்றைய செய்தியைப் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், எலுமிச்சை சாதம் மட்டும் வேண்டாம்.